கல்வெட்டுத் திறந்த நாள்

முதலில் ஊற்றின் வாயைத் தோண்டினார்கள். அடுத்து அதைச் சுற்றிச் சிமெண்டு பூசினார்கள். பிறகு அதன் தொண்டையில் குழாயைச் செருகி மோட்டாரைப் பூட்டினார்கள். கடைசியில் சோலார் தகட்டை வீட்டுக் கூரைமேல் வெயிலில் காயப் போட்டார்கள்.

"இன்னிக்குக் கல்வெட்டுத் திறக்கிறாங்க. அதுல நம்ம மூணு பேர் பேரும் இல்லேன்னா, சேர்ந்து வேலையை நிறுத்திடுவோம்," என்றது மோட்டார்.

"உன் பேர் எதுக்குடா? தண்ணி என்னுது," என்றது ஊற்று.

"வெயிலைப் பிடிச்சுக் குடுக்கிறது நான். ரெண்டு பேரும் ஓரமா நில்லுங்க," என்று மினுக்கியது தகடு.

தான் மட்டும் ஓடாமல் நின்றால் கழற்றி எறிவார்கள் என்று மோட்டாருக்குத் தெரியும். வயிறெரிந்தபடியே ஓடியது.

மண்வெட்டியைத் தொட்டறியாத வீட்டுக்காரர் திரையை விலக்கினார். கூடியிருந்தவர்களுக்கெல்லாம் கேட்க ஒருவர் வாசித்தார்:

"இவ்வீட்டுக்கு நீர் தந்த வள்ளல், உரிமையாளர் திரு. தணிகாசலம்."