வாசலில் நின்ற போன்

ஒரகடம் சாலை விபத்தில் மகன் ரூபன் இறந்த பிறகு, அவனுடைய பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடையில் போட யாக்கோபுக்கு மனம் வரவில்லை. தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர் அவர். விசாரித்துக் கற்றுக்கொண்டு, அதையே வீட்டு வைஃபைக்குக் காவலாக மாற்றினார். புதிதாக எந்த போன் வந்தாலும், அவர் அனுமதித்தால்தான் உள்ளே நுழைய முடியும்.

ஒரு மாலை, ரூபன் வேலை முடிந்து வந்திறங்கும் கம்பெனி பஸ் அவர்கள் ஊரான பென்னலூரில் ஆட்களை இறக்கிவிட்டுப் போன சற்று நேரத்தில், ஒரு போன் அனுமதி கேட்டது. திரையில் 'ரூபன்' என்றிருந்தது. அந்த போனைச் சவப்பெட்டிக்குள், மகனின் சட்டைப்பையில் வைத்தவரே யாக்கோபுதான். அனுமதி மறுத்தார். மறுநாளும் கேட்டது. அன்றும் மறுத்தார். மனைவி ஜாஸ்மினிடம் மூச்சுவிடவில்லை.

ஒருநாள் அவளே பார்த்துவிட்டாள்.

"எத்தினி நாளா கேட்டுகினு கீது?"

"ஒரு வாரமா."

"வேலை முடிஞ்சி வூட்டுக்கு வந்த புள்ளைய இத்தினி நாளா வாசல்லயே நிக்க வெச்சிட்டியேய்யா!"

யாக்கோபு அனுமதி கொடுத்தார். சிக்னல் முதலில் மங்கலாக இருந்தது, போன் இன்னும் தெருவில் இருப்பதுபோல. பிறகு மெல்ல மெல்லக் கூடியது. இருவரும் கம்ப்யூட்டர் முன்னால் பாயில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். சிக்னல் முழுதாக ஏறி, அப்படியே நின்றது.

ஜாஸ்மின் சத்தமில்லாமல் அழுதபடியே, பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.