நாலு எலுமிச்சம்பழம்

அப்பா போனதிலிருந்து ஓடாத தகரப் பொம்மைக் காருக்குப் புதுப் பெயின்ட் அடித்து, மயிலாப்பூர் ஃபிளாட்டின் மூன்றாம் மாடிக்குக் கொண்டுவந்தார் பத்ரிநாராயணன். "சாவி குடுத்துடாத சார், உள்ள ஸ்பிரிங்கே இல்ல. கெடச்சதும் போட்டுத் தரேன்" என்றிருந்தார் மெக்கானிக் லாரன்ஸ்.

"வண்டி புதுசா வந்திருக்கு, பூஜை போட வேண்டாமா?" என்று சிரித்தாள் மனைவி விஜயலக்ஷ்மி. ஹாலில் காரை வைத்துப் பொட்டிட்டு, நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தாள். பழம்தான் சக்கரத்தைவிடப் பெரிது.

உள்ளே போய்ப் பாயசம் குடித்துவிட்டு வந்தார்கள். கார் வைத்த இடத்திலேயே இருந்தது. நாலு பழமும் அப்பளமாய் நசுங்கிக் கிடந்தன. சாற்றின் ஈரத்தில் இரண்டு கோடுகள் வாசற்கதவு வரை போய்த் திரும்பியிருந்தன.

"உங்கப்பா ரிவர்ஸ்கூட நன்னா எடுக்கறாரே!" என்றாள் விஜயலக்ஷ்மி.

பத்ரி குனிந்து கைவிரித்து அளந்தார். ஒவ்வொரு கோடும் ஒரு சாண் அகலம்.