ஐந்து நாள் முன்னதாகவே

கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டேன், நீயே படி என்றாள் அக்கா.

பூங்காவின் திறந்தவெளி அரங்கத்துக்கு இருபத்தைந்து வயதாம். அதன் வரலாற்றைக் கருங்கல்லில் வெட்டி வாசலில் பதித்திருக்கிறார்கள். பதித்தவன் நான்தான். வந்த வேலையை வேண்டாம் என்று சொல்ல எனக்கென்ன கொழுப்பா?

சத்தமாகப் படித்தேன். ஆதியில் இது குப்பை மேடு. மக்கள் கேட்டார்கள், அரங்கம் கட்ட முடிவானது. அரைவட்டமாக இருபத்திரண்டு வரிசை.

அடுத்த வரியை விட்டுவிட்டுத் திறப்பு விழாவுக்குத் தாவினேன்.

'குறித்த நாளுக்கு ஐந்து நாள் முன்னதாகவே பணி நிறைவுற்றது.' இந்த ஒரு வரி மட்டும் அக்கா காதில் விழக் கூடாது.

மேல் வரிசைகளுக்குக் கான்கிரீட் போட்டால் அடியில் தாங்கும் முட்டுக் கட்டைகள் பதினாலு நாள் நிற்க வேண்டும். மேஸ்திரியாக இருந்த அத்தான் அதில் படு கறார். வீட்டில் சோறு தின்னும்போதும் அதே பேச்சுதான். ஆனால் விழாத் தேதியை முன்னால் இழுத்தார்கள். அத்தான் அந்தப் பக்கம் இல்லாத நேரம், ஒன்பதாம் நாளே முட்டுகளைப் பிரித்தாகிவிட்டது.

ஒரு மூலை சரிந்தது. தடுக்க ஓடி வந்த அத்தான் அடியில் சிக்கிச் செத்துப்போனார். அந்த மூலையைத் துணி கட்டி மறைத்து விழாவையும் நடத்தினார்கள்.

கால் தவறி மேலிருந்து விழுந்துவிட்டார் என்று அக்காவிடம் சொன்னோம். நானும்தான் சொன்னேன். அன்றிலிருந்து எனக்கு அவள் வீட்டில்தான் சாப்பாடு.

கடைசி வரி வரைக்கும் படித்து முடித்தேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

அக்கா பையைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். நான் விட்ட வரியின் மேல் விரலை வைத்தாள்.

"நேத்தே வந்து படிச்சிட்டேன். முட்டப் பிரிச்சது யாருடா?"

என்ஜினீயர் பிரிக்கச் சொன்னார். சுத்தியல் என் கையில் இருந்தது. வெளியே வாடா என்று கத்திக்கொண்டு வந்து அத்தான் என்னைத்தான் பிடித்துத் தள்ளினார்.

"நாந்தாங்க்கா."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து உறைக்குள் வைத்தாள். வீட்டுக்கு வா என்று சொல்லவில்லை. வரிசைகளின் ஓரமாகவே நடந்து, கேட்டைத் தாண்டித் தனியாகப் போனாள்.