எண்பத்தொன்பதாம் நாள்

ப்ளோவ்திவ் நகர அலுவலகத்தின் காலை வெயில், பாலங்களுக்கு வரைபடம் போடும் அசெனின் முகத்தில் விழுகிறது. வரைபட மென்பொருளைத் தொண்ணூறு நாள் திறக்காதவர்களிடமிருந்து அதன் உரிமத்தைத் திரும்ப எடுப்பது தெமெனுகாவின் வேலை. நாளை தொண்ணூறு நாள் ஆகிறவர்களின் பட்டியலோடு அசெனின் மேசையருகே நிற்கிறாள். "எண்பத்தொன்பது நாளா நீங்க திறக்கவே இல்லையே, அண்ணே. அப்ப உங்க படத்தையெல்லாம் யார் வரையறா?" எதிர் மேசையில் சக ஊழியர் இலினாவின் மவுஸ் சத்தம் சட்டென்று நிற்கிறது. அசென் வலது கையை உயர்த்திக் காட்டுகிறார். விரல்கள் நடுங்குகின்றன. "நான் சொல்லச் சொல்ல இலினா வரையறா. மேலே தெரிஞ்சா ரெண்டு பேர் வேலையும் போயிடும்மா." தெமெனுகா வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறாள். "இப்பவே ஒரு தடவை திறங்க, போதும். உரிமம் எடுக்கற பட்டியல்ல வரமாட்டீங்க." திரையில் அம்புக்குறி தடுமாறி இரண்டு முறை தவறுகிறது. உதவ நீளும் தெமெனுகாவின் கையை விலக்கிவிட்டு, அசென் இரு கைகளாலும் மவுஸைப் பிடித்து அழுத்துகிறார். மென்பொருள் திறக்கிறது. வெற்றுத் திரையின் முன்னால் அவர் மவுஸிலிருந்து கைகளை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார்.