பாடத்தில் இல்லாதது

ஹோட்டலின் சலவை அறையில் ஆங்கில வகுப்பு நடக்கிறது. வேலை நிற்கக் கூடாதென்பதால் கைகள் துணி மடிக்க, வாய்கள் மட்டும் படிக்கின்றன. "ஐயாம் சாரி, சார்" என்று டீச்சர் சொல்ல, ஆவிக்குள்ளிருந்து எல்லோரும் திருப்பிச் சொல்கிறார்கள். இஸ்திரி போடுகிறவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஹோட்டலில் தங்கியிருக்கும் ஒருவன், தானே சிகரெட்டால் பொசுக்கிய சட்டையை இவள் பொசுக்கியதாக இங்கிலீஷில் திட்டி, காலையில் இவள் முகத்தில் விட்டெறிந்தான். வீட்டில் இவள் வாயைத் திறந்தால் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். அவன் முன்னால் ஊமையாக நின்றாள். "டீச்சர், 'நான் பண்ணல, மரியாதையாப் பேசு'ன்னு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது?" டீச்சர் வாசலில் நிற்கும் மேனேஜரைப் பார்க்கிறார். "அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா? பாடத்துல இல்ல." இஸ்திரிப் பெட்டி நங்கென்று இறங்குகிறது. "அப்ப, கால்ல விழறதுக்கு மட்டும்தான் எங்களுக்கு இங்கிலீஷா?"