மூணு வருஷம், ஒரே ஆயில்

"மாப்பிள்ளை, ரெண்டு மணி நேரம் வண்டி கிடைக்குமா? கண் டாக்டர்கிட்ட போகணும்" என்றார் மாமனார், வாசலில் நின்றபடியே.

மாப்பிள்ளை செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கார் பராமரிப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஓர் அப்பாவி, எஞ்சின் ஆயிலை எப்போது மாற்றுவது என்று கேட்டுத் தொலைத்திருந்தான்.

'சிந்தெடிக் ஆயில் ஒரு தடவை ஊத்தினா போதும். மூணு வருஷமா நான் மாத்தவே இல்லை. தேன் மாதிரி இருக்கு. இது சொந்த அனுபவம்' என்று தட்டிவிட்டார். அதற்கு லைக்காகப் பன்னிரண்டு கட்டை விரல்கள் விழுந்தன.

"அதென்ன மாமா, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கண் டாக்டர்? போன தடவை சீட்டெல்லாம் கறை."

"துடைச்சுட்டேனே மாப்பிள்ளை."

"டாக்ஸியில போங்க. நாளைக்கு நாங்க மலைக்குப் போறோம். வண்டி சுத்தமா இருக்கணும்."

"மலைக்கா? பேத்தியையும் கூட்டிட்டா?" மாமனாரின் முகம் மாறியது. "அப்ப ஒரு மணி நேரமாவது கொடுங்களேன்."

"அப்பா, விடுங்களேன்!" என்றாள் மகள், சமையலறையிலிருந்து.

மாமனார் கனத்த துணிப்பையைக் கை மாற்றிக்கொண்டு படியிறங்கினார். கண் டாக்டரிடம் போகிறவருக்கு எதற்கு அவ்வளவு பெரிய பை என்று கேட்க மாப்பிள்ளைக்கு ஏது நேரம்? பதின்மூன்றாவது விரல் விழுந்திருந்தது.

சாயங்காலம், வைப்பரில் தண்ணீர் வரவில்லை என்று தெருமுனை மெக்கானிக்கிடம் போனார். பானெட்டைத் திறந்ததும் வாய் சும்மா இருக்குமா?

"அப்படியே ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்க. மூணு வருஷம், ஒரே ஆயில்!"

மெக்கானிக் இழுத்துப் பார்த்தார். "கறுத்துடுச்சு சார். இன்னைக்குக் காலையில மாத்த வேண்டியது. பெரியவர் வர்றேன்னார், வரலை."

"எந்தப் பெரியவர்?"

"உங்க மாமனார்தான். இதுவரைக்கும் அஞ்சு தடவை மாத்தியிருக்கோம். உங்ககிட்ட கண் டாக்டர்னு சொல்லிட்டு வருவாராம். சிந்தெடிக் டப்பாவையும் அவரே தூக்கிட்டு வருவார்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நானும் கேட்டேன். 'சொன்னா மாப்பிள்ளை கேக்க மாட்டார். வண்டியில போறது என் பொண்ணும் பேத்தியும். எனக்கு அவங்க பத்திரமா திரும்பி வரணும், அவ்வளவுதான்'னார்."

மாப்பிள்ளைக்கு வெட்கமாக இருந்தது. செல்போனை எடுத்தார். அதற்குள் நாற்பது பேர் அவருடைய அனுபவத்தை நம்பியிருந்தார்கள்.

'திருத்தம். ஆயிலை ஒழுங்கா மாத்திடுங்க. என் வண்டியில எனக்கே தெரியாம மாத்தினது என் மாமனார்' என்று தட்டினார்.

நாற்பது பேரில் ஒருவரும் மூச்சு விடவில்லை. கடைசியில் ஒரே ஒரு கட்டை விரல் விழுந்தது, மூன்று வருஷமாக அந்தக் குழுவில் எல்லாவற்றையும் படித்துவிட்டு வாயே திறக்காத ஒருவரிடமிருந்து.

மாமனார்.