கடைசியில் நிற்பவரே பேசுவார்

உடம்புக்குச் சற்றுப் பெரிதான, ஃபர் காலர் வைத்த கோட்டோடு அந்த அம்மாள் உள்ளே நுழைந்ததும் கூடமே திரும்பிப் பார்த்தது. ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவாவின் அந்தப் பழைய நூல் ஆலையில் கூடியிருந்த இருபது தோழர்களும் கிழிந்த ஜீன்ஸ்தான் போட்டிருந்தார்கள்.

"உங்க பேரு?" என்றான் கூட்டத்தை நடத்திய ரதோவான்.

"ஹெர்மினா. சனிக்கிழமை ஊர்வலத்துல பேச ஆள் வேணும்னு நோட்டீஸ் பார்த்தேன்."

"யார் பேசறதுன்னு இப்பத் தெரிஞ்சுடும். எல்லாரும் இந்தச் சாக்பீஸ் கோட்டுல நில்லுங்க. நான் சொல்ற வசதி இருந்தா ஓர் அடி முன்னால வரணும். எல்லாருக்கும் பின்னால, கடைசியில நிக்கறவர்தான் ஏழைங்க சார்பா பேசுவார்."

முதல் கேள்வி: "அப்பா காசுல படிச்சவங்க?"

ஒருவரும் முன்னால் வரவில்லை. மாத்துஷ் என்ற இளைஞன் மட்டும் ஓர் அடி பின்னால் போனான்.

"டேய், பின்னால போகச் சொல்லலையே! உங்கப்பா பல் டாக்டர்தானே?" என்றான் ரதோவான்.

"டாக்டர்தான் தோழர். ஆனா வீட்ல பாசமே கிடையாது."

கூடம் பரிதாபமாக 'உச்' கொட்டியது.

"ஓபரா அரங்குக்கு அடிக்கடி போறவங்க?"

ஹெர்மினா மட்டும் முன்னால் வந்தாள். "வாரம் மூணு நாள் போறேன்."

"அடிக்கடி வெளிநாடு போறவங்க?"

கிரேக்கக் கடற்கரையில் வெயில் காய்ந்து கறுத்துத் திரும்பியிருந்த ஒரு பெண் சட்டென்று சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஹெர்மினா இன்னோர் அடி வைத்தாள். "மாசம் ரெண்டு தடவை எல்லை தாண்டி வியன்னா."

அவளிடமிருந்து லேசாகக் குளோரின் வாடை வந்தது. "நீச்சல் குளத்துலேர்ந்து நேரா வர்றாங்க போல" என்று மாத்துஷ் முணுமுணுத்தான். அதற்குள் அவன் பின்வாங்கிப் பின்வாங்கிச் சுவரில் முட்டியிருந்தான்.

"கடைசிக் கேள்வி. ஒரு வீட்டுக்கு மேல சாவி வெச்சிருக்கறவங்க?"

ஹெர்மினா கைப்பையிலிருந்து ஒரு கொத்தை எடுத்துக் காட்டினாள். ஏழு சாவிகள்.

கூடம் கொதித்தது. மாத்துஷ்தான் ஏழைகளின் குரல் என்று ரதோவான் அறிவிக்க, கைதட்டல் கூரையைப் பிளந்தது.

"அப்ப நான் பேச முடியாதா தம்பி? இதுக்காகத்தான் இன்னிக்கு லீவு போட்டேன்." அவள் முகம் சுண்டிவிட்டது. இரண்டு நாளாக எழுதி எழுதித் திருத்திய காகிதம் மடிப்புக் கலையாமல் கையில் இருந்தது.

"அம்மா, உங்களை மாதிரி மேட்டுக்குடி ஆளுங்க இத்தனை வருஷமாப் பேசியாச்சு. இனிமே வாயை மூடிக்கிட்டுக் கேளுங்க!" என்றான் ரதோவான்.

சுவரோரத்திலிருந்து மாத்துஷும் குரல் கொடுத்தான். "ஊர்ல பாதிப் பேருக்குத் தலைக்கு மேல கூரை இல்லை. ஏழு வீட்டை வெச்சுக்கிட்டு அப்படி என்னதான் பண்றீங்க?"

ஹெர்மினா சாவிக் கொத்தைக் கைப்பைக்குள் போட்டாள்.

"பெருக்கித் துடைக்கிறேன் தம்பி."